பறக்கும் துடைப்பமும் படிக்கும் மூளையும்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் உள்ள கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் எட்டுப் பேரை ஒருவர் பின் ஒருவராக எம்ஆர்ஐ குழாய்க்குள் படுக்க வைத்துக் கதை படிக்கச் சொன்னார்கள். பக்கத்தைப் புரட்டும் வேலை கிடையாது. கண்ணெதிரே இருந்த திரையில் ஒரு நேரத்தில் ஒரே ஒரு சொல் வரும், அரை விநாடி நிற்கும், மறையும். அடுத்த சொல் வரும். இப்படியே முக்கால் மணி நேரத்தில் ஐயாயிரத்துச் சொச்சம் சொற்கள். எம்ஆர்ஐ எடுத்துக்கொண்டவர்களுக்கு அந்த இயந்திரம் போடும் இரைச்சல் தெரியும். அந்த இரைச்சலுக்கு நடுவில் அவர்கள் படித்தது ஹாரி பாட்டர் வரிசையின் முதல் நூலில் வரும் ஒன்பதாம் அத்தியாயம். பதினொரு வயதுப் பையன் முதன்முதலாகத் துடைப்பக்கட்டையில் ஏறிப் பறக்கிறானே, அந்த அத்தியாயம்.

லைலா வெஹ்பே, டாம் மிட்செல் முதலியோர் நடத்திய இந்த ஆய்வு 2014-இல் வெளியானது. மூளையின் எந்தெந்தப் பகுதிக்கு எப்போது ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது என்பதை வைத்து, ஒருவர் கதையின் எந்த இடத்தைப் படித்துக்கொண்டிருக்கிறார் என்று கணினியை ஊகிக்கச் சொன்னார்கள். இரண்டு பத்திகளைக் கொடுத்து இதில் எது என்று கேட்டால், குருட்டு ஊகத்துக்கு நூற்றுக்கு ஐம்பது கிடைக்கும். கணினி எழுபத்து நான்கு முறை சரியாகச் சொன்னது. வாக்கிய அமைப்பைப் பிரித்தறியும் பகுதி வேறு, பேசுவது யார் என்று பின்தொடரும் பகுதி வேறு. கதாபாத்திரங்கள் நகரும்போது விழித்துக்கொண்ட பகுதிகளோ, கண்ணெதிரே நிஜ மனிதர்கள் நடமாடும்போது நாம் பயன்படுத்தும் பகுதிகளோடு ஒத்துப்போயின. பையன் துடைப்பத்தில் மேலே எழும்பினால், படுத்துக் கிடப்பவரின் மூளை அந்த எழும்புதலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இப்படி ஆளைப் பிடித்து நிறுத்தும் கதைகள் குழந்தையைப் படிக்க வைக்கின்றன என்று பெற்றோரும் ஆசிரியர்களும் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். மாயாஜாலக் கதை படித்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்று சொன்னவர்களும் உண்டு. இந்த இரு தரப்பாரும் மூளைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் பேசியவர்கள் இல்லை. கடந்த நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எட்டிப் பார்த்தவர்கள் கண்டது என்ன என்று பார்க்கலாம்.

முதலில் அந்த ஹாரி பாட்டர் நூலின் கதை. ஜே.கே. ரோலிங்கின் முதல் நாவலைப் பல பதிப்பகங்கள் திருப்பி அனுப்பின. கடைசியில் லண்டனின் ப்ளூம்ஸ்பரி பதிப்பகத்தில், அதன் தலைவர் கையெழுத்துப் பிரதியின் தொடக்கத்தைத் தன் எட்டு வயது மகளிடம் கொடுத்தார். அவள் படித்துவிட்டு மீதி எங்கே என்று கேட்டாள். 1997 ஜூன் 26-இல் நூல் வெளிவந்தபோது கெட்டி அட்டையில் அச்சானது 500 பிரதிதான். அதிலும் பெரும்பகுதி நூலகங்களுக்குப் போயிற்று. டோல்கீனின் ‘தி ஹாபிட்’ நாவலுக்கும் இதே போன்ற ஒரு நடுவர் இருந்தார். 1936-இல் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வின், கையெழுத்துப் பிரதியைப் படித்து மதிப்புரை எழுதத் தன் பத்து வயது மகன் ரேனருக்கு ஒரு ஷில்லிங் கூலி கொடுத்தார். ரேனர் நன்றாக இருக்கிறது என்றான், நூல் அச்சுக்குப் போனது. குழந்தை இலக்கியத்தின் இரண்டு பெரும் வெற்றிகளைக் குழந்தைகளே தேர்ந்தெடுத்தார்கள் என்பதைப் பதிப்பாளர்கள் அடிக்கடி நினைத்துக்கொள்வது நல்லது.

பிறகு நடந்தது ஊரறிந்தது. 2000-ஆம் ஆண்டு ஜூலையில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் குழந்தை நூல்களுக்கென்று தனியாக ஒரு விற்பனைப் பட்டியல் தொடங்கியது. ஹாரி பாட்டர் நூல்கள் பெரியவர்களின் பட்டியலில் மேலிடங்களை அடைத்துக்கொண்டு இறங்க மறுத்ததால் வந்த வினை அது. ஏழாவது நூல் 2007 ஜூலை 21 அன்று வெளியானபோது அமெரிக்காவில் மட்டும் முதல் 24 மணி நேரத்தில் 83 லட்சம் பிரதிகள் விற்றன. நான் கவனிக்கச் சொல்வது விற்பனையை இல்லை, பக்கங்களை. பிரிட்டிஷ் பதிப்பில் முதல் நூல் 223 பக்கம். ஐந்தாவது நூல் 766. சிறுவர் நூலென்றால் மெலிதாக இருக்க வேண்டும், பெரிய எழுத்தில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பிள்ளைகள் தொடமாட்டார்கள் என்பது அதுவரை பதிப்புத் தொழிலில் வேதவாக்கு. பத்து வயதுக் குழந்தைகள் அந்த 766 பக்கத்தை இரண்டு மூன்று நாளில் முடித்துவிட்டு ஆறாவது எப்போது என்று கேட்டார்கள்.

இது எவ்வளவு பெரிய காரியம் என்பது, படிப்பது மூளைக்கு எவ்வளவு செயற்கையான வேலை என்று தெரிந்தால்தான் புரியும். பேச்சு நமக்கு இயல்பாக வருவது. யாரும் பாடம் நடத்தாமலே இரண்டு வயதுக் குழந்தை பேசுகிறது. எழுத்து பிறந்து ஐயாயிரம் ஆண்டுக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆகிறது. பரிணாமக் கணக்கில் அது நேற்று. படிப்பதற்கென்று மூளையில் பகுதி உருவாகுமளவுக்கு நேரமே இருந்ததில்லை. ஆகவே ஒவ்வொரு குழந்தையும் தன் மூளையில் வேறு வேலைக்கு இருக்கும் இடத்தைப் பிடித்துத்தான் படிக்கக் கற்கிறது. பிரெஞ்சு நரம்பியல் அறிஞர் ஸ்தானிஸ்லாஸ் தெஹானும் லோரான் கோஹனும் அந்த இடத்தை விரிவாக ஆராய்ந்தார்கள். மூளையின் இடது பக்கத்தில், பின்புறம் அடியில், முகங்களையும் பொருட்களையும் அடையாளம் காணும் பகுதிகளுக்கு நடுவே இருக்கிறது அது. ஆங்கிலம் படிப்பவருக்கும் சீனம் படிப்பவருக்கும் ஹீப்ரு படிப்பவருக்கும் ஏறத்தாழ அதே இடம்தான். 2010-இல் தெஹான் குழுவினர் பிரேசிலிலும் போர்ச்சுகலிலும் எழுத்தறியாத பெரியவர்கள், வளர்ந்தபின் படிக்கக் கற்றவர்கள், சிறுவயதிலேயே கற்றவர்கள் ஆகிய மூவகையினரின் மூளையையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். ஒருவர் எவ்வளவு சரளமாகப் படிக்கிறாரோ அவ்வளவுக்கு அந்த இடம் எழுத்தைக் கண்டதும் துள்ளுகிறது.

துள்ளும் அளவுக்கு அது பழக வேண்டும். எழுத்துக் கூட்டுவதிலேயே மூளையின் சக்தியெல்லாம் செலவானால் பொருளை யோசிக்க எதுவும் மிஞ்சாது. எழுத்தைக் கண்ணே பார்த்துக்கொள்ளும் நிலை வந்தால்தான் கதை ஓடும். அந்த நிலைக்கு ஒரே வழி, நிறையப் படிப்பது. எவ்வளவு நிறைய? 1988-இல் அமெரிக்காவில் ஆண்டர்சன், வில்சன், ஃபீல்டிங் என்ற மூவர் 155 ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளைப் பள்ளி நேரம் போக மீதி நேரத்தில் என்ன செய்கிறார்கள் என்று தினமும் எழுதி வைக்கச் சொன்னார்கள். நிறையப் படிப்பவர்களின் வரிசையில் நூறு பேரில் மேலிருந்து பத்தாவதாக நிற்கும் பிள்ளை, தினம் 21 நிமிடம் புத்தகம் படித்தது. ஆண்டுக்கு 18 லட்சம் சொற்கள். சரி நடுவில் நிற்கும் பிள்ளை தினம் நாலரை நிமிடம், ஆண்டுக்கு 2,82,000 சொற்கள். கீழிருந்து பத்தாவது பிள்ளை ஆண்டு முழுக்கச் சேர்த்து 8,000 சொற்கள்.

இப்போது ஒரு கணக்குப் போடுங்கள். ஹாரி பாட்டர் ஏழு நூல்களும் சேர்த்து ஆங்கிலத்தில் பத்து லட்சம் சொற்களைத் தாண்டும். நடுவில் நிற்கும் பிள்ளை தன் வழக்கமான வேகத்தில் அந்த வரிசையை முடிக்க நான்கு ஆண்டுகள் வேண்டும். கடைசிப் பிள்ளைக்கு 120 ஆண்டுகளுக்கும் மேல். பிறந்த அன்றே தொடங்கினாலும் கொள்ளுப்பேரன்தான் முடித்து வைக்க வேண்டும். அப்படிப்பட்ட ஒரு பிள்ளை ஏதோ ஒரு கோடை விடுமுறையில் முதல் இரண்டு நூல்களை மட்டும் முடித்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது ஆண்டுகளில் படித்திருக்கக்கூடியதை இரண்டு மாதத்தில் படித்துவிட்டது. எந்தப் பாடத்திட்டமும் எந்தத் தனிப்பயிற்சியும் இந்த அளவை எட்டியதாக எனக்குத் தெரியவில்லை.

சொல்வளத்தின் கணக்கு இன்னும் சுவையானது. ஆங்கிலத்தில் அதிகம் புழங்கும் முதல் பத்தாயிரம் சொற்களுக்கு வெளியே இருப்பவற்றை அரிய சொற்கள் என்று வைத்துக்கொண்டு, ஹேய்ஸ், அஹ்ரன்ஸ் இருவரும் எண்ணிப் பார்த்தார்கள். பட்டதாரிகள் நண்பர்களோடு பேசும்போது ஆயிரம் சொல்லுக்கு அரிய சொற்கள் 17 வருகின்றன. சிறுவர் நூல்களில் 31. கல்லூரி முடித்த அப்பாவும் அம்மாவும் வீட்டில் நாள் முழுக்கப் பேசினாலும், பிள்ளை படிக்கும் கதைப்புத்தகம் அவர்களை முந்திவிடும். படிக்கும்போது எதிர்ப்படும் தெரியாத சொற்களில் குழந்தைகள் சுமார் 15 சதவீதத்தை அகராதியைத் தொடாமலேயே பிடித்துக்கொள்கிறார்கள் என்று ஸ்வான்போர்ன், டி க்ளோப்பர் இருவரும் 1999-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்னார்கள். ஒரு பக்கத்துக்கு என்று பார்த்தால் ஒன்றுமில்லை. பத்து லட்சம் சொற்களுக்கு என்று பார்த்தால் தலை சுற்றும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போனால் கட்டுரை விளம்பரமாகிவிடும். நிறையப் படிப்பதால் நன்றாகப் படிக்கிறார்களா, நன்றாகப் படிக்க வருவதால் நிறையப் படிக்கிறார்களா? பணம் பணத்தோடு சேரும் என்பார்களே, அதேபோல வாசிப்பும் வாசிப்போடுதான் சேர்கிறது என்று உளவியலாளர் கீத் ஸ்டானோவிச் 1986-லேயே எழுதினார். நெதர்லாந்தில் எல்ஸ்யா ஃபான் பெர்கன் குழுவினர் ஏழு வயது இரட்டையர்கள் 11,000-க்கும் மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2018-இல் வெளியிட்ட முடிவு, அந்த வயதில் காற்று ஒரே திசையில் அடிக்கிறது என்பது. திறமைதான் பழக்கத்தை உண்டாக்குகிறது. பழக்கம் திறமையை உண்டாக்கியதற்கு அவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை. படிக்கக் கஷ்டப்படும் குழந்தை படிப்பதைத் தவிர்க்கிறது, அவ்வளவுதான். அப்படியானால் தவிர்க்கும் குழந்தையின் கையில் புத்தகம் ஏறுவதற்கு, கஷ்டத்தைவிடப் பெரிதாக ஏதாவது ஓர் இழுப்பு இருந்தாக வேண்டும். மாயாஜாலக் கதைக்கு வேலை வருவது இந்த இடத்தில்தான்.

நடக்க முடியாத ஒன்று நடக்கும்போது நம் மூளை நிமிர்ந்து உட்கார்கிறது. இது பள்ளிக்குப் போகும் முன்பே, ஏன், பேசத் தொடங்கும் முன்பே வந்துவிடும் குணம். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஏமி ஸ்டால், லிசா ஃபைகன்சன் இருவரும் 11 மாதக் குழந்தைகளுக்கு ஒரு வித்தை காட்டினார்கள். பந்து உருண்டு போய்ச் சுவரில் முட்டி நிற்பதைச் சில குழந்தைகள் பார்த்தன. வேறு சில குழந்தைகள், அதே பந்து சுவரை ஊடுருவி மறுபக்கம் போய்விட்டதைப் பார்த்தன. பிறகு பந்தைக் கையில் கொடுத்ததும், ஊடுருவலைப் பார்த்த குழந்தைகள் அதைத் தரையில் தட்டித் தட்டிப் பார்த்தன. கெட்டியானதுதானா என்று சோதிக்கிறார்களாம்! பொம்மைக் கார் ஒன்று பிடிமானமில்லாமல் அந்தரத்தில் நிற்பதைப் பார்த்த குழந்தைகள் அந்தக் காரைக் கீழே போட்டுப் பார்த்தன. இன்னும் முக்கியமானது, நடக்க முடியாததைச் செய்த பொருளைப் பற்றிப் புதிதாக ஒரு தகவலைக் கற்பித்தபோது அந்தக் குழந்தைகள் நன்றாகக் கற்றன. சாதாரணமாக நடந்துகொண்ட பொருளைப் பற்றி அப்படிக் கற்கவில்லை. 2015-இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வு இது.

ரயில் நிலையச் சுவருக்குள் தள்ளுவண்டியோடு ஓடிப் புகுந்துவிடும் பையனைப் பற்றிப் படிக்கும் பத்து வயதுக் குழந்தையும் அந்தப் பந்தைத் தட்டிப் பார்க்கும் குழந்தையின் அக்காதான். பெர்லின் ஃப்ரீ பல்கலைக்கழகத்தில் சுன்-டிங் ஹ்சூ, ஆர்தர் யாகோப்ஸ் முதலியோர் ஹாரி பாட்டர் நூல்களிலிருந்து சிறுசிறு பத்திகளை எடுத்து ஜெர்மன் மொழியில் பெரியவர்களிடம் கொடுத்து மூளையை ஸ்கேன் செய்தார்கள். சில பத்திகளில் இயற்கையை மீறிய காரியம் நடக்கும், சிலவற்றில் சாதாரணமாக ஏதோ நடக்கும். மாயம் நடக்கும் பத்திகளைப் படித்தபோது, உலக அறிவோடு ஒரு செய்தி முரண்படும்போது வேலை செய்யும் பகுதிகள் எழுந்துகொண்டன. கூடவே இடது அமிக்டலாவும் எழுந்துகொண்டது. உணர்ச்சியோடு தொடர்புடைய அந்தச் சிறு உறுப்பின் துடிப்பு, படித்தவர்கள் சொன்ன வியப்போடும் இன்பத்தோடும் ஒத்துப்போனது. வீட்டில் எதிர்பாராதது நடந்தால் பயம் வரும். புத்தகத்துக்குள் நடந்தால் அதே வியப்பு சுகமாக மாறிவிடுகிறது. வசதி குறைந்த குடும்பங்களிலிருந்து மழலைப்பள்ளிக்கு வந்த பிள்ளைகளுக்கு, நடப்புக் கதை வழியாகவும் மாயக்கதை வழியாகவும் புதிய சொற்களைக் கற்பித்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்விலும், மாயக்கதை கேட்டவர்களே சொற்களின் பொருளை வாயால் விளக்கிச் சொல்வதில் முந்தினார்கள்.

வியப்பு ஒரு பக்கத்துக்குக் காணும், பத்துப் பக்கத்துக்குக் காணும். 766 பக்கத்துக்குக் காணாது. பேய்க்கதை, மந்திரவாதிக் கதை என்று உலகத்தில் ஆயிரம் இருந்தும், சிலது மட்டும் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் கட்டிப்போடுவதற்கு வேறு காரணம் வேண்டும். அந்தக் காரணம் மாயத்தைவிட அறிவில் இருக்கிறது என்பது என் கட்சி. அதற்குச் சாட்சி, பேஸ்பால் பற்றிய ஒரு பழைய ஆய்வு.

1988-இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி என்ற இருவர் 64 பள்ளிப் பிள்ளைகளை நான்காகப் பிரித்தார்கள். நன்றாகப் படிப்பவர்கள், படிக்கத் திணறுபவர்கள். அந்த இரு வகையிலும் பேஸ்பால் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள். எல்லோரும் ஓர் ஆட்டத்தின் வர்ணனையைப் படிக்க வேண்டும், பிறகு ஒரு மாதிரி மைதானத்தில் பொம்மை ஆட்டக்காரர்களை நகர்த்தி ஆட்டத்தை நடத்திக் காட்ட வேண்டும். பேஸ்பால் தெரிந்த திணறல்காரர்கள், பேஸ்பால் தெரியாத கெட்டிக்காரர்களைத் தூக்கிச் சாப்பிட்டார்கள். படிக்கும் திறமை என்று நாம் மதிப்பெண் போடுவதில் பெரும்பங்கு, சொல்லப்படும் விஷயம் முன்பே தெரியுமா என்பதுதான்.

இந்த முடிவை ஒரு வகுப்பறையில் வைத்துப் பாருங்கள். பனிப்பொழிவைப் பற்றிய பாடம், கடலைப் பற்றிய பாடம், விமானப் பயணத்தைப் பற்றிய பாடம் எதுவானாலும், அதைக் கண்டும் கேட்டும் வளர்ந்த பிள்ளைக்கு அது எளிது. மற்றவர்களுக்கு மலை. ஆனால் ஹாரி பாட்டர் படிக்கும் ஹாக்வார்ட்ஸ் பள்ளிக்கு யாரும் போனதில்லை. இன்னொரு மாயக்கதை உலகமான நார்னியாவில் யாருக்கும் மாமா வீடு கிடையாது. அந்த உலகத்தைப் பற்றி நகரத்துப் பணக்காரப் பிள்ளைக்குத் தெரிந்ததும் பூஜ்யம், மற்ற பிள்ளைக்குத் தெரிந்ததும் பூஜ்யம். எல்லாருக்கும் ஒரே கோட்டில் ஓட்டம் தொடங்குகிறது. முதல் நூறு பக்கத்துக்குள் அந்த உலகத்தின் நாணயம், விளையாட்டு, கடைத்தெரு, எது விஷம், எது மருந்து என்று எல்லாமே கதை வழியாகவே கற்பிக்கப்பட்டுவிடுகிறது. இரண்டாம் நூலைத் திறக்கும்போது குழந்தை அந்த விஷயத்தில் நிபுணர்.

தெரியாத ஊரில் வழி கேட்டுக் கேட்டுப் போவதற்கும் சொந்தத் தெருவில் நடப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது. அந்த வித்தியாசத்தை மூளையில் அளந்தும் இருக்கிறார்கள். சான் டியேகோவில் மார்ட்டா குட்டாஸ் என்ற விஞ்ஞானி, சூடான ரொட்டியில் சாக்ஸைத் தடவினான் என்பது போன்ற வாக்கியங்களைப் படிக்கக் கொடுத்துத் தலையில் மின்முனைகளை ஒட்டிப் பார்த்தவர். பொருந்தாத சொல் வந்ததும் சுமார் 400 மில்லிவிநாடி கழித்து ஈஈஜியில் ஓர் அலை பெரிதாக எழுகிறது என்று ஸ்டீவன் ஹில்யார்டுடன் சேர்ந்து 1980-இல் கண்டுபிடித்தார். என்400 என்று அதற்குப் பெயர். எதிர்பார்த்த சொல் வந்தால் அலை சிறிது, எதிர்பாராத சொல் என்றால் பெரிது. பல ஆண்டுகள் கழித்து மெலிசா ட்ராயரும் குட்டாஸும் ஹாரி பாட்டரைப் பிடித்தார்கள். அந்த உலகத்தை நன்கு அறிந்தவர்களும் அரைகுறையாக அறிந்தவர்களும், அதைப் பற்றிய வாக்கியங்களையும் பொதுவான வாக்கியங்களையும் படித்தார்கள். பொதுவான வாக்கியங்களில் இரு தரப்புக்கும் வித்தியாசமில்லை. ஹாரி பாட்டர் வாக்கியங்களில், அறிந்தவர்களுக்குச் சரியான கடைசிச் சொல் வந்தபோது அலை நன்றாக அடங்கியது. சொல் வந்து அரை விநாடிகூட ஆகவில்லை, அதற்குள் அவர்கள் சேர்த்து வைத்திருந்த அறிவு வேலைக்கு வந்துவிட்டது. முயற்சி செய்து நினைவுபடுத்திக்கொள்ள அந்த நேரம் போதாது.

வரிசை நூல்களுக்குத் தமிழில் நாம் பெரிய மதிப்பு கொடுப்பதில்லை. ஒரே ஆள், ஒரே இடம், திரும்பத் திரும்ப என்று சலித்துக்கொள்வோம். படிக்கக் கற்கும் குழந்தைக்கு அந்தத் திரும்பத் திரும்பதான் மருந்து. பாத்திரங்கள் தெரியும், இடம் தெரியும், எழுத்தாளரின் வாக்கியம் எப்படி வளையும் என்பதும் தெரியும். சுமை குறைந்த மூளை, புதிய சொல்லையும் நீண்ட வாக்கியத்தையும் தாங்குகிறது. ரோலிங்கின் நூல்கள் ஒவ்வொன்றாகப் பருத்ததும் பொருள் கனத்ததும் பிள்ளைகளோடு சேர்ந்தே நடந்தது. முதல் நூலிலேயே 766 பக்கம் வைத்திருந்தால் ப்ளூம்ஸ்பரி தலைவரின் மகள் மீதி எங்கே என்று கேட்டிருப்பாளோ என்னவோ.

படிக்கவே கஷ்டப்படும் பிள்ளைக்காகப் பிறந்த ஒரு வரிசையும் உண்டு. டெக்சாஸில் பள்ளி ஆசிரியராக இருந்த ரிக் ரியோர்டனின் மகனுக்கு டிஸ்லெக்சியாவும் கவனக் குறைபாடும் இருந்தன. அவனுக்குப் பிடித்தது கிரேக்கப் புராணம் ஒன்றுதான். தெரிந்த கதையெல்லாம் தீர்ந்துபோனதும் புதிதாக ஒன்று சொல் என்றான். அப்பா மூன்று இரவுகள் கட்டிச் சொன்ன கதைதான், 2005-இல் வெளியான முதல் பெர்சி ஜாக்சன் நாவல். கதாநாயகனுக்கும் டிஸ்லெக்சியா. காரணம் அவன் மூளை பழைய கிரேக்க எழுத்துக்காக அமைந்தது என்று கதை சொல்கிறது. அறிவியல்படி இது அபத்தம். எழுத்துகள் நடனமாடும் ஒரு பிள்ளைக்கு, தன்னைப் போலவே எழுத்துகள் நடனமாடும் ஒருவன் கடவுளின் மகனாக வருவதைப் படிக்கும்போது அறிவியல் கொஞ்சம் காத்திருக்கட்டும்.

இனி எதிர்க்கட்சி. இலக்கிய விமர்சகர் ஹெரால்ட் புளூம் 2000-ஆம் ஆண்டு வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் முதல் ஹாரி பாட்டர் நூலைக் கிழித்துத் தொங்கவிட்டார். தேய்ந்த மொழி, இதைப் படிப்பவர்கள் நல்ல இலக்கியத்துக்கு வந்து சேரப்போவதில்லை என்பது அவர் வாதம். இலக்கியத் தரம் பற்றி அவரோடு சண்டைக்குப் போகமாட்டேன். மூளையின் பழக்கத்துக்குத் தரமான வாக்கியமும் சுமாரான வாக்கியமும் பயிற்சிதான். ஆனால் வந்து சேரப்போவதில்லை என்ற பாதி, எண்களை வைத்துப் பார்க்க வேண்டியது.

அந்த எண்கள் மகிழ்ச்சி தருபவை இல்லை. 2006-இல் நடந்த ஒரு கருத்தாய்வில், ஹாரி பாட்டர் படித்த 5 முதல் 17 வயதுப் பிள்ளைகளில் 51 சதவீதம் பேர் அதற்கு முன் பொழுதுபோக்காகப் புத்தகம் படித்ததே இல்லை என்றார்கள். ஆனால் அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது அந்த நூல்களின் அமெரிக்கப் பதிப்பாளரான ஸ்கொலாஸ்டிக். விற்பவர் தன் சரக்கைப் பற்றிச் சொல்வதைக் கொஞ்சம் தள்ளித்தான் கேட்க வேண்டும். அமெரிக்க அரசின் கலை அமைப்பு 2007-இல் வெளியிட்ட அறிக்கை வேறு படம் காட்டியது. ஏறக்குறைய தினமும் விருப்பத்துக்காகப் படிக்கும் 9 வயதினர் 1984-இல் 53 சதவீதம், 2004-இல் 54. அதே இடைவெளியில் 17 வயதினர் 31-லிருந்து 22-க்கு இறங்கினார்கள். அமெரிக்காவில் 2023-இல் வெளியான கணக்கில் அப்படிப் படிக்கும் 13 வயதினர் 14 சதவீதம்தான். ஹாரி பாட்டர் பிறந்த பிரிட்டனில், நேஷனல் லிட்டரசி டிரஸ்ட் 2005 முதல் பிள்ளைகளைக் கேட்டு வருகிறது. ஓய்வு நேரத்தில் படிப்பது பிடிக்கும் என்று சொன்ன 8 முதல் 18 வயதினர் 2024-இல் 34.6 சதவீதம்; 2025-இல் 32.7. அந்தக் கணக்கெடுப்பு தொடங்கியதிலிருந்து 2025 வரை அதுவே மிகக் குறைவு.

கோடிக்கணக்கான குழந்தைகளைப் பத்து லட்சம் சொற்கள் படிக்க வைத்த நூல்களால் ஒரு தலைமுறையின் பழக்கத்தை மாற்ற முடியவில்லையா? இந்த எண்களிலேயே விடை இருக்கிறது என்று நினைக்கிறேன். ஒன்பது வயதில் இருக்கும் ஆர்வம் பதின்மூன்றில் கரைகிறது. பிள்ளைகள் கெட்டியாகக் கற்றது அந்த ஓர் உலகத்தை. ஏழாவது நூல் முடிந்ததும் அந்த நிபுணத்துவம் செல்லாக்காசாகி, வேறொரு புத்தகத்தின் முதல் பக்கத்தில் மறுபடி ஒன்றும் தெரியாதவராக நிற்க வேண்டியிருக்கிறது. பழைய நூலையே மறுபடி படிப்பார்கள், படம் பார்ப்பார்கள், அல்லது கைபேசியை எடுப்பார்கள். படிக்கும் பழக்கம் உறுதிப்படுவது முதல் வரிசையில் இல்லை, இரண்டாவதில். இரண்டாவது உலகத்துக்குள்ளும் புகுந்து வெளியே வந்த பிள்ளைக்குத்தான், தொடக்கத்தின் திணறல் ஐம்பது பக்கத்தில் தீர்ந்துவிடும் என்ற அனுபவம் கிடைக்கிறது. இது ஆய்வு முடிவில்லை, என் ஊகம்.

நம் ஊரில் அந்த இரண்டாவது உலகம் ஒரு காலத்தில் மாதாமாதம் வந்தது. 1947 ஜூலையில் சென்னையிலிருந்து நாகி ரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய அம்புலிமாமாவில், சங்கர் வரைந்த விக்கிரமாதித்தன் வேதாளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு இதழ் இதழாக நடந்தான். ஆள் அதே ஆள், மரம் அதே மரம், புதிர் மட்டும் புதிது. வாண்டுமாமா ஆசிரியராக இருந்த பூந்தளிரும், முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் அதே உத்தியைத் தெரிந்தோ தெரியாமலோ செய்தன. ஒரு தலைமுறை அம்புலிமாமாவிலிருந்து காமிக்ஸுக்கும், அங்கிருந்து கல்கிக்கும் சாண்டில்யனுக்கும், பிறகு எங்கெங்கோவும் போனது. ஒவ்வொரு படியிலும் அடுத்தது கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. இன்று ஹாரி பாட்டர் தமிழிலேயே கிடைக்கிறது. அதை முடித்த பன்னிரண்டு வயதுப் பிள்ளை தமிழில் அடுத்து எதை எடுக்கும் என்று கேட்டால், பதில் சொல்லத் தமிழ்ப் பதிப்பாளர்களிடம் நீண்ட வரிசை எதுவும் இல்லை. எழுதத் தெரிந்தவர்கள் யோசிக்க வேண்டிய விஷயம்.

அதுவரை வீட்டில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. உங்கள் பிள்ளை ஏதோ ஒரு மாயாஜால வரிசையின் கடைசி நூலில் இருந்தால், அதில் நூறு பக்கம் மீதி இருக்கும்போதே வேறொரு வரிசையின் முதல் நூலை நூலகத்திலிருந்து எடுத்து வந்துவிடுங்கள். முதல் ஐம்பது பக்கத்தை நீங்களே சத்தமாகப் படித்துக் காட்டுங்கள், அந்த உலகத்தின் பெயர்களும் விதிகளும் காதில் விழட்டும். ஐம்பத்தோராம் பக்கத்தில் தூக்கம் வருகிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுங்கள்.